உப்பு வேறு, உவரு வேறு

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. செம்பிவிளை. திருச்செந்தூரிலிருந்து மினி பஸ்ஸில் ஒரு மணி நேரம், மடியில் நூற்றிருபது காலி பாட்டில். கண்டக்டர் "என்ன மேடம், கலர் கம்பெனியா?" என்று கேட்டார். "இல்லைங்க, தண்ணி கம்பெனி" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

தங்குவது தங்கபுஷ்பம் என்பவர் வீட்டில். ஊருக்கே புஷ்பக்கா. ஐம்பத்திரண்டு வயது, தனி ஆள், மகன் சார்ஜாவில். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் வாழை, நடுவில் கிணறு. அந்தக் கிணறுதான் நான் இங்கே வரக் காரணம்.

ஏழு ஊர்களுக்குக் குடிநீர் எடுக்க இந்தப் பக்கம் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். பெரிய மோட்டார், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். எந்தக் கிணறு என்று சொல்ல வேண்டியது எங்கள் ஆய்வு மையம். ஜூனில் இரண்டு பையன்கள் வந்து, கரைந்த உப்பை அளக்கிற மீட்டரை விட்டு அளந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். சென்னையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து அதை அறிக்கையாக எழுதியது அடியேன் மேகலா. முதலிடம்: தங்கபுஷ்பம் கிணறு, ருசி நன்று. கடைசி இடம்: உடைமரக்குடியிருப்பு பொதுக்கிணறு, உப்பு அதிகம், மூடிவிடலாம். இப்போது நேரில் சரிபார்க்க வந்திருக்கிறேன். 26ஆம் தேதி கூட்டம். இன்ஜினியர் வருகிறார், அன்றைக்கே முடிவு.

புஷ்பக்காவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏழு ஊருக்குப் போவப்போற தண்ணிலா. எப்படி இருக்கு?"

"தேனுங்கக்கா!" என்றேன். பொய்யில்லை. நிஜமாகவே நல்ல தண்ணீர்.

செப்டம்பர் 10, புதன்

அக்காவின் ஸ்கூட்டியில் ஒன்பது கிணறு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. செம்மண் கண்ணில், காதில், டைரியில். ஆனால் வேலை ஜோர். எத்தனை வருஷம் பிறர் கொண்டுவந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்! கயிறு விட்டு நானே தண்ணீர் மொண்டு, நானே வடிகட்டி, நானே லேபிள் ஒட்டும்போது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

மதியம் சாம்பார். பருப்பு பல்லில் நறநறத்தது. "ரேஷன் பருப்பு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா. எனக்கு இருந்த பசியில் கல்லைப் போட்டிருந்தாலும் தின்றிருப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

பதினாலு கிணறு. தலைக்குக் குளித்தேன், ஷாம்பு நுரைக்கவே இல்லை. முடி தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. கடற்காற்று.

செப்டம்பர் 13, சனி

இன்று உடைமரக்குடியிருப்பு. நான் "மூடிவிடலாம்" என்று எழுதிய ஊர். நாற்பது வீடு, ஒரே பொதுக்கிணறு. மீட்டரை விட்டேன்: 2300. ஜூனில் இருந்த அதே எண். உப்புத்தான், சந்தேகமே இல்லை என்று படிவத்தில் 'உப்பு: உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த எஸ்தர் (என் வயதுதான் இருக்கும், இடுப்பில் பிள்ளை) எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதுதிய?"

"உப்புன்னு போட்டிருக்கேங்க."

"உப்புன்னு யாரு சொன்னா? போன தடவ வந்த பயலுவகிட்டயும் உவருன்னுல்லா சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

அவ்வளவுதான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "ஏ, இங்க வாங்களேன், உப்பும் உவரும் ஒண்ணாம்லா! இந்தப் பிள்ள தண்ணிக்குப் படிச்சிருக்காம்!" எனக்குக் காது சூடாகிவிட்டது. திருப்பூர்க்காரிக்கு உவர் என்றாலே உப்புதானே, நான் என்ன கண்டேன்?

பிறகு பாவம் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துச் சோறு போட்டாள். சோறு லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. பருப்பு கடைந்த மாதிரி கரைந்து கிடந்தது. "கடையல மேடம். ரெண்டு கொதியில தானா கரைஞ்சிரும். சவுக்காரத் தண்ணிலா இது, வழுவழுன்னு. உப்புத் தண்ணின்னா அது வேற, நாக்குல வச்சா கரிக்கும். முன்னால அப்படித்தான் கெடந்துச்சு. பத்து வருசத்துக்கு முன்னால நான் கல்யாணமாயி வந்தப்ப வாயில வைக்க முடியாது. வாழையெல்லாம் கருகிப் போயி, மோட்டாரை எல்லாம் கழட்டி வித்துட்டாங்க. இப்ப நாலஞ்சு வருசமாத்தான் உவரு."

கரித்தது, பிறகு உவரானது. நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். எஸ்தர் பயந்துபோய், "என்ன, முடி கெடந்துச்சா?" என்றாள்.

முடி இல்லையம்மா! நீ என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியுமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா கோயிலுக்குப் போனதும் சமையல் மேடையை ஆக்கிரமித்தேன். துணி ஊறவைத்திருந்தேன், மறந்தே போனது.

கடினத்தன்மைச் சோதனை சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். தண்ணீரில் ஒரு பொடியைப் போட்டால் நாவல்பழச் சிவப்பாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் தீர்ந்துபோகிற சொட்டில் சட்டென்று நீலமாகும். எத்தனை சொட்டு செலவானதோ அவ்வளவு கடினம்.

குடியிருப்புத் தண்ணீர் ஐந்தாவது சொட்டில் நீலம்! மீட்டரில் 2300 காட்டுகிற தண்ணீரில் கால்சியம் பேருக்குத்தான் இருக்கிறது. கை தட்டினேன், தனியாகத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அக்கா கிணற்றுத் தண்ணீரையும் எடுத்தேன். பத்து சொட்டு, சிவப்பு. இருபது, சிவப்பு. மருந்து தீர்ந்து மறுபடி ரொப்பினேன். முப்பத்திரண்டாவது சொட்டில்தான் நீலமானது. லிட்டருக்கு 640 மில்லிகிராம். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான்.

மீட்டரையும் மறுபடி விட்டேன். ஜூனில் 1150. இப்போது 1600.

அக்கா கோயிலிலிருந்து வந்து, "என்னட்டி, ஹோலி கொண்டாடுதியா என் அடுப்பாங்கரையில?" என்றாள். முதல்முறையாக உரிமையோடு 'ட்டி' போட்டுவிட்டாள். மேடம் போய்விட்டது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

தூக்கம் இல்லை, தூங்கவும் தோன்றவில்லை. எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே புரியாமல் போகும்.

கடல்நீரில், அயனி எண்ணிக்கையில், நூறு குளோரைடுக்கு எண்பத்தாறு சோடியம். உலகத்தில் எந்தக் கடலில் மொண்டாலும் ஏறக்குறைய அதே கணக்கு. அந்த நீர் மண்ணுக்கடியில் ஊருக்குள் வரும்போது களிமண் ஒரு பண்டமாற்று செய்கிறது: சோடியத்தை வாங்கி வைத்துக்கொண்டு கால்சியத்தைக் கொடுக்கிறது. அதனால் கடல் வரும்போது முதலில் வருவது கரிப்பு இல்லை, கால்சியம்! நாக்குக்கு நல்ல தண்ணீர்தான். ஆனால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

கடல் திரும்பிப் போகும்போது எல்லாம் தலைகீழ். மழைத்தண்ணீர் கால்சியத்தைக் கொடுத்துவிட்டுக் களிமண்ணில் தங்கிய பழைய சோடியத்தை எடுத்துக்கொள்ளும். சவுக்காரம் மாதிரி வழுவழுக்கும். சோறு மஞ்சளாகும். பருப்பு கரையும். அதாவது உவரு!

குடியிருப்பில் மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள், பக்கத்தில் உள்ள பெரியகுளம் நிரம்பி மண்ணுக்குள் இறங்குகிறது, கடல் பின்வாங்குகிறது. அந்தக் கிணற்றைப் போய் மூடச் சொல்லியிருக்கிறேன்! படிவத்தில் 'உப்பு' என்று ஒரே ஒரு கட்டம், எஸ்தர் சொன்ன வார்த்தைக்கு இடமே இல்லை. படிவத்தைத் தயாரித்த மேதாவி யார் என்று கேட்டால், அதுவும் நான்தான்.

முழுப் பகுப்பாய்வுக்கு நிரப்பிய பாட்டில் எல்லாம் சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குப் போயிற்று. ரஃபீக்கை அழைத்துச் சொன்னேன். எங்கள் மையத்தில் அயனி அளக்கிற கருவி அவர் கையில். "வரிசை இருக்குது, பத்து நாள் ஆகும்" என்றார். நான் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டறேன்" என்றார். நல்ல மனுஷர். வேறொன்றுமில்லை, நல்ல மனுஷர் என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

அக்கா கிணற்றைப் பற்றி இன்னும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. முடிவு வரட்டும்.

செப்டம்பர் 17, புதன்

மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். இன்று என் கருவி ஒரே கேள்விதான்: "பருப்பு வேகுதாங்க?"

அறுபத்திரண்டு வீடு. முதலில் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கொட்டினார்கள். "நான் பருப்புக்காரன்கூட சண்ட போட்டு கடையவே மாத்துனேன்!" "எம் மாமியா எனக்கு சமைக்கத் தெரியலன்னு ஊரு பூரா சொல்லிட்டா!" "குக்கர்ல எட்டு விசில்!" மதியத்துக்குள் எனக்குப் 'பருப்பு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில்கூட, "பருப்பு மேடத்துக்கு ஒரு டீ."

வேகாத வீடுகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்தேன். கடற்கரையிலிருந்து வாழைத்தோப்புகள் வரைக்கும் நீட்டின நாக்கு மாதிரி வந்தது. பதின்மூன்று மோட்டார், எல்லாம் அந்த நாக்குக்குள்ளே. அடேங்கப்பா! ஆறு வருஷப் படிப்பில் இவ்வளவு அழகான படம் நான் வரைந்ததே இல்லை.

அக்கா, "காட்டுட்டி பாப்போம்" என்றாள். மை காயவில்லை என்று மடித்துவைத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

சந்தானகோபால் சார் (எங்கள் இயக்குநர்) போனில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். "வாழைக்குப் பொட்டாஷ் போடுறாங்க இல்லையா? அதுலயும் குளோரைடு இருக்கும்மா. உரத்துத் தண்ணியைக் கடல் தண்ணின்னு சொல்லி இன்ஜினியர் முன்னாடி மானத்தை வாங்கிடாதே. பருப்பை எல்லாம் அறிக்கையில எழுத முடியாது."

கோபம் வந்தது. பிறகு யோசித்தால், சரியான கேள்வி. பொட்டாஷாகவும் இருக்கலாம். இருந்தால் உரத்தைக் குறைத்தால் போதும், கடல் வரவில்லை, அக்கா கிணறு பிழைத்தது. அறிவியல் நோக்கில் அதையும் விலக்காமல் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

புரோமைடு பார்த்தால் தெரிந்துவிடும். கடலில் எடைக்கு எடை ஒரு பங்கு புரோமைடுக்கு இருநூற்றுத் தொண்ணூறு பங்கு குளோரைடு. பொட்டாஷ் என்றால் அந்தக் கணக்கு எங்கோ ஆயிரத்தைத் தாண்டும். ரஃபீக்குக்குச் செய்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 20, சனி

அக்கா கிணற்றுக் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறாள். "பெரிய ஆளுக வருவாங்கள்லா." நானும் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தேன். மூக்கெல்லாம் சுண்ணாம்பு.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கு ரஃபீக் கூப்பிட்டார். "உக்காந்திருக்கீங்களா மேகலா?"

"சொல்லுங்க."

"குடியிருப்பு: நூறு குளோரைடுக்கு நூத்தறுபது சோடியம். நீங்க சொன்ன மாதிரியே."

கத்திவிட்டேன். முற்றத்தில் கோழி தெறித்து ஓடியது.

"உங்க அக்கா கிணறு: நூறுக்கு அம்பத்தஞ்சு. புரோமைடு ரெண்டு தடவை ஓட்டினேன். இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு."

கடல். சாட்சாத் கடலேதான். பொட்டாஷ் கிடையாது. நான் நினைத்தது ஒவ்வொன்றும் சரி! சாருக்கு உடனே அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில், "பிரமாதம். பருப்பையும் எழுது" என்று பதில் வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைவரை போய் அலையைப் பார்த்து, "மாட்டிக்கிட்டியா!" என்று கத்தினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் தள்ளிப் போய் நின்றார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா ஆட்டுக்கறி எடுத்திருந்தாள். "மூஞ்சி எல்லாம் பல்லா இருக்கு, என்ன விசேசம்?" என்றாள். "வேலை நல்லா போச்சுங்கக்கா" என்றேன். இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிடும்போது அந்தப் பேச்சு எதற்கு?

செப்டம்பர் 22, திங்கள்

அக்காவுக்குத் தலைவலி. சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அறிக்கை பதினோரு பக்கம். பெரியகுளத்தங்கரையில் 31ஆம் எண் கிணறு, சின்ன மோட்டார், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஏழு ஊருக்கு அது போதும், தாங்கும். குடியிருப்புக் கிணற்றை மூடக் கூடாது. தோப்புப் பக்கம் பெரிய மோட்டார் கூடவே கூடாது, வைத்தால் இரண்டே கோடையில் கரித்துவிடும். இப்போது ஓடுகிற பதின்மூன்றையும் குறைக்க வேண்டும். நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை.

அக்கா மகனுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கே போவது முறையில்லை.

செப்டம்பர் 24, புதன்

அக்கா கூட்டத்துக்கென்று புதுச்சேலை எடுத்து வந்திருக்கிறாள். மாம்பழ மஞ்சள். தோளில் போட்டுக் காட்டி, "ஃபோட்டோ புடிப்பாங்களாட்டி?" என்றாள். "பிடிப்பாங்க" என்றேன். சே.

செப்டம்பர் 25, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் தோப்பில் நின்று வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தை விரித்துக் காட்டி, சிவப்பு நாக்கு, அதன் நடுவில் அவள் கிணறு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கம்பைக் கீழே போடவில்லை.

"கடலு என் கிணத்துக்கு வந்துட்டா?"

"வந்துட்டே இருக்குதுங்கக்கா. பதிமூணு மோட்டாரும் இழுக்குது, அதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"நான் கறி எடுத்தன்னைக்கா?"

தலையாட்டினேன்.

"நாலு நாளா என் சோத்தத் தின்னுக்கிட்டு, என்கூட நின்னு கிணத்துக்கு வெள்ளையடிச்சுட்டு, சேலைய பாத்து ஃபோட்டோ புடிப்பாங்கன்னு சொல்லிட்டு..." கம்பை நட்டாள். வெள்ளையடித்தது சனிக்கிழமை, அப்போது முடிவு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டாவது சொட்டு நீலமான அன்றே எனக்குத் தெரியும். பதினோரு நாள். நான் சரியாக இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அது யார் தலையில் விழுகிறது என்று எழுதக்கூடப் பயந்திருக்கிறேன். இப்போது திருப்பிப் படித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

மதியம் எனக்குச் சோறு வைத்தாள். வைத்துவிட்டுத் தோப்புக்குத் திரும்பிவிட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

கூட்டம் பஞ்சாயத்துக் கட்டடத்தில். நிற்க இடமில்லை. இன்ஜினியர் கறாரான மனிதர், பெயர் ஞானதுரை. பதினோரு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, "சுருக்கமாச் சொல்லுங்க, எந்தக் கிணறு?" என்றார்.

சுருக்கமாகத்தான் ஆரம்பித்தேன். குடியிருப்புக் கிணற்றில் கடல் திரும்பிப் போகிறது என்றதும், பின்னாலிருந்து எஸ்தர், "நாங்கதான் அப்பவே சொன்னோம்லா, உவருன்னு!" என்று கத்தினாள். சிரிப்பு. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மேசைமேல் இரண்டு டம்ளரை வைத்து இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் எல்லோர் முன்னாலும் சொட்டு விட்டேன். ஒன்று ஐந்தில் நீலம். இன்னொன்று இருபதாகியும் சிவப்பு. ஊரே சேர்ந்து எண்ணியது, "இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு..." முப்பத்துமூன்றில் நீலமானபோது ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது யார் கிணறு?"

மாம்பழ மஞ்சள் சேலையில், முன்வரிசையில், புஷ்பக்கா எழுந்தாள்.

"என் கிணறு."

மோட்டார்களைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் தோப்புக்காரர் ஒருவர் குதித்தார். "அதுக்காவ மோட்டாரை நிறுத்தச் சொன்னா? வாழைக்கு இவ ஊத்துவாளா தண்ணி?" நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். இன்ஜினியர் என்னைப் பார்த்தார், நான் காகிதத்தைப் பார்த்தேன்.

அக்கா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். வியாழன் காலைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. "நிறுத்துனா, கடலு போவுறதுக்கு எத்தன வருசம் ஆவும்?"

இந்தமுறை உடனே சொன்னேன். "குடியிருப்புல உவராக ஆறு வருஷம் ஆச்சுங்கக்கா. அப்புறமும் நாலு ஆச்சு, இன்னும் முடியல. பத்துப் பதினொண்ணு ஆகும்."

"நிறுத்தலன்னா?"

"ரெண்டு மூணு வருஷத்துல வாழை கருகிரும். அப்புறம் நீங்களே நிறுத்துவீங்க. பத்து வருஷம் அங்கிருந்து ஆரம்பிக்கும்."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு அறுவத்தி மூணு. பரவால்ல, இருப்பேன்." பிறகு இன்ஜினியரிடம், "எழுதிக்கோங்க சார். குளத்தங்கரைக் கிணறுதான். நான் இனி காலையில ரெண்டு மணி நேரந்தான் மோட்டார் போடுவேன். பாதித் தோப்பை அழிச்சுட்டு முருங்கை வைக்கேன். மொத பேரு என் பேரு போடுங்க. தங்கபுஷ்பம்." உட்காரப் போனவள் திரும்பவும் எழுந்து குதித்தவரைப் பார்த்து, "உம்ம வீட்டுலயும் பருப்பு வேவலன்னு உம்ம பொண்டாட்டி எங்கிட்ட அழுதா. அவகிட்ட கேட்டுட்டு வந்து சத்தம் போடும்" என்றாள்.

மாலைக்குள் பதின்மூன்று மோட்டார்க்காரர்களில் எட்டுப் பேர் பெயர் எழுதினார்கள். ஐந்து பேர் எழுதவில்லை.

ரஃபீக்குக்குச் சொன்னேன். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு விவரம் இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்னும் ஒருவர் எழுதினார். பொண்டாட்டியிடம் கேட்டிருப்பார் போல.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக் காலை பஸ். மிச்சக் காலி பாட்டில்களைக் கட்டிவைத்துவிட்டுத் தோப்புக்குப் போனேன். பாதி வாழை வெட்டிக் கிடந்தது. அக்கா மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் உட்காரச் சொல்லித் தரையைத் தட்டினாள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். நேரடியாகச் சொல்ல ஐந்து நாள் ஆயிற்று, இதற்கும்.

"சும்மா கெட. கேளு."

"என்னங்கக்கா?"

"கேளுட்டி."

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கிழக்கே, தாழ்வாக, நிறுத்தாமல் ஒரு இரைச்சல். லாரி என்று நினைத்தேன்.

"கடலுட்டி. பக்கத்துத் தோப்பு மோட்டாரும் நின்னுட்டுல்லா, அதான். இருவது வருசமாச்சு இது என் காதுல விழுந்து."

இங்கிருந்து கடல் ஒன்றரைக் கிலோமீட்டர். மூன்று வாரமாகக் கடலைத் தேடி இந்த ஊரின் அத்தனை கிணற்றிலும் கயிறு விட்டிருக்கிறேன், இந்தத் தோப்பில் ஒரு நாளாவது அதன் சத்தம் என் காதில் விழுந்ததில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கயே கெட" என்றாள், என்னிடம் இல்லை.